உளுவத்தலையன் சொன்னது யாருக்காவது நினைவிருக்கிறதா?



விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் ஒரு பழைய ஆங்கிலப் பொம்மை நிகழ்ச்சியைக் கைப்பேசியில் காட்டினான். 'தி மப்பெட் ஷோ' என்று பெயர். ஜிம் ஹென்சன் என்ற அமெரிக்கர் உருவாக்கி, 1976 முதல் 1981 வரை இங்கிலாந்தில் எடுத்தது; மொத்தம் 120 பகுதிகள். பாட்டு, ஆட்டம், கோமாளித்தனம் எல்லாம் கலந்த கதம்பம். பாலே மேதை ருடால்ஃப் நூரியேவ் ஒரு பகுதியில் பெரிய பன்றிப் பொம்மையோடு ஆடுகிறார். பேரனுக்குப் பிடித்தது அதுதான். எனக்குப் பிடித்தது, மேல்மாடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த நிகழ்ச்சியையே கிண்டலடிக்கும் இரண்டு கிழவர்கள். "அட, இவங்க நம்ம உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும்லா!" என்றேன். அவன் விழித்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் விழிப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடையநல்லூரில் பள்ளிக்கூடம் போன காலத்தில், அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் தோல்பாவைக்கூத்துக்காரர்கள் வந்து கூடாரம் போடுவார்கள். டிக்கெட் பத்துப் பைசா. முன்னால் ஒரு வெள்ளைத் திரை, அதற்குப் பின்னால் விளக்கு. ஆட்டுத்தோலில் வெட்டி, துளையிட்டு, சாயம் பூசிய பாவைகளைத் திரையோடு ஒட்டி ஆட்டுவார்கள். இராமன், சீதை, இராவணன், குரங்குப் படை எல்லாருக்கும் குரல் கொடுப்பது ஒரே ஆள். வீட்டுப் பெண்கள் பாவைகளை வரிசையாக எடுத்துக் கொடுப்பார்கள். மிருதங்கம், ஆர்மோனியம், ஜால்ரா எல்லாம் குடும்பத்துக்குள்ளேயே.

இந்தக் குடும்பங்களை மண்டிகர் என்பார்கள். பெயருக்குப் பின்னால் 'ராவ்' இருக்கும். வீட்டில் மராத்தி, திரையில் தமிழ். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676-இல் தொடங்கியது; அந்தக் காலத்தில் வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் வரலாறு. பின்னர் தெற்கே மதுரை, நெல்லை, குமரி என்று பரவினார்கள். பாலக்காட்டுப் பக்கமும் தோல்பாவைக்கூத்து உண்டு. அது பத்ரகாளி கோயில்களில் கம்பராமாயணத்தைப் பாடி நடத்துவது. பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் காளி பார்ப்பாள் என்று நடத்துவார்கள். நம் பக்கம் அப்படியில்லை. டிக்கெட் விற்றால்தான் அடுப்பு எரியும். அதனால்தானோ என்னவோ, நம்முடையதில் சிரிப்பு கூடுதல்.

இராமாயணம் பத்து நாள் ஓடும். எனக்குப் பிடித்த ராத்திரி மயில்ராவணன் கதை. வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. இராம லட்சுமணரை மயில்ராவணன் பாதாளத்துக்குக் கடத்திப் போய்விடுவான். மீட்கப் போகும் அனுமனை வாசலில் ஒரு காவல்காரன் மறிப்பான். சண்டை நடக்கும், யாரும் ஜெயிக்க மாட்டார்கள். கடைசியில் பார்த்தால் அவன் மச்சவல்லபன், அனுமனின் சொந்த மகன்! அனுமனின் வியர்வைத் துளியை ஒரு மீன் விழுங்கியதால் பிறந்தவன். அப்பனும் மகனும் அடித்துக்கொள்ளும்போது திரைக்குப் பின்னால் காலால் மரக்கட்டையை மிதித்து ஒலி எழுப்புவார்கள். ஒவ்வொரு அடியும் நம் முதுகில் விழுவதுபோல் இருக்கும்.

இடையில் ஒருநாள் நல்லதங்காள் வரும். பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்குப் போனவளை அண்ணி மூளி அலங்காரி அவமானப்படுத்த, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுவாள். நமக்கு வடக்கே, வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. என் அம்மா அந்த ராத்திரி மட்டும் வரமாட்டாள். கடைசி நாள் பட்டாபிஷேகம். அன்று மழை பெய்யும் என்பது நம்பிக்கை. மழைக்காகவே கூத்துக்காரர்களை அழைத்த ஊர்களும் உண்டு.

இத்தனை கதைக்கும் நடுவில் நுழைகிறவர்கள்தான் அந்த இருவர். ஒருவனுக்கு உச்சியில் குடுமி. இன்னொருவன் தலை உளுவை மீன் தலை மாதிரி. தண்டோரா போடுவார்கள், காவல் நிற்பார்கள், உதை வாங்குவார்கள், திடீரென்று இலங்கையை விட்டுவிட்டு நம் தெருவைப் பற்றிப் பேசுவார்கள். லட்சுமணன் மயங்கிக் கிடக்க, அனுமன் சஞ்சீவி மலைக்குக் கிளம்பும் நேரம் உளுவத்தலையன் குறுக்கே வந்தான்:

"ஏம்வே, அம்புட்டுத் தூரம் போகணுமா? நம்ம குத்தாலத்து மலையில இல்லாத மூலிகையா? பஸ்ஸுக்குத் துட்டு குடும், நான் போயிட்டு வாரேன்."

"பஸ்ஸு அச்சன்புதூர்லயே நின்னு போச்சுல, தள்ளிக்கிட்டு இருக்காங்க!"

அந்த வாரம் நிஜமாகவே அங்கே ஒரு பஸ் நின்று, பயணிகள் இறங்கித் தள்ளியிருந்தார்கள். கூடாரமே அதிர்ந்தது. தறி நெய்கிற அண்ணன்மார், ராவுத்தர் வீட்டுப் பெரியவர்கள், வயல்வேலைக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்தார்கள். பகலில் டீக்கடையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் ராத்திரி உளுவத்தலையன் என்று பின்னால்தான் புரிந்தது.

இனி சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். 1980-களின் கடைசியில் நான் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவு எழுத்தர். ஒரு கூத்துக்காரர் ஐ.ஆர்.டி.பி. கடன் கேட்டு வந்தார். ஒலிபெருக்கியும் புதுத் தோலும் வாங்க வேண்டுமாம். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். கூத்து என்று எழுதினால் மேலே தேறாது என்று எனக்குத் தெரியும். "பாத்திர வியாபாரம்னு எழுதுங்க, சுலபமாக் கிடைச்சிரும்" என்றேன். உதவி செய்கிற நினைப்புதான். கடன் கிடைத்தது. ஆனால் பணம் கையில் வரவில்லை. விதிப்படி பாத்திரமாகவே கடையிலிருந்து கொடுத்தார்கள். அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றார். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசித் தவணை கட்ட வந்தபோது, "இந்த வருஷம் கூத்து எங்க?" என்று கேட்டேன். "பாவையெல்லாம் பெட்டியில இருக்கு சார்" என்றார். கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பேரேட்டின்படி அது நல்ல கடன்.

டிவியும் சினிமாவும் வந்துதான் கூத்து போயிற்று என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு பெட்டி மூடியதில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு.

பக்கத்து மாநிலங்களில் இந்தக் கலைக்குப் பத்மஸ்ரீ வரைக்கும் போயிருக்கிறது: ஆந்திராவின் தளவாய் சலபதி ராவ் 2020-இல், கேரளத்தின் ராமச்சந்திரப் புலவர் 2021-இல், கர்நாடகத்தின் பீமவ்வா 2025-இல், தொண்ணூறு வயது தாண்டி. இந்தோனேசியாவின் வயாங் நிழற்கூத்தை 2003-லேயே யுனெஸ்கோ அறிவித்துவிட்டது. அதிலும் எசமானர்களைக் கேலி செய்யும் சேவகக் கோமாளிகள் உண்டு. நம் பக்கத்துக் கூத்தைப் பற்றி மு. இராமசாமி, அ.கா. பெருமாள் போன்றவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கதைகள் அழியாது. ஆனால் அச்சன்புதூர் பஸ் எந்தப் புத்தகத்தில் வரும்? அது ஒரே ஒரு ராத்திரிக்கு, ஒரே ஒரு ஊருக்குச் சொன்னது. மப்பெட் கிழவர்களின் 120 பகுதியையும் பேரன் நினைத்த நேரத்தில் பார்க்கிறான். உளுவத்தலையன் பேச்சில் என்னிடம் மிச்சம் இருப்பது மூன்றே மூன்று. ஒன்றை மேலே எழுதிவிட்டேன். மற்ற இரண்டும் பெண்கள் படிக்கும் இதழில் போட முடியாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

உங்கள் வீட்டில் அறுபத்தைந்து தாண்டியவர்கள் இருந்தால் இன்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். எந்த ஊர்க் கூத்து, எந்தக் கதை, அந்த இருவர் என்ன பேசினார்கள் என்று நினைவுக்கு வந்ததைச் சொல்லட்டும். சங்க அலுவலக மேசையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன், அதில் எழுதலாம். எழுத முடியாதவர்கள் சாயங்காலம் பூங்கா பெஞ்சுக்கு வந்தால் நானே எழுதிக்கொள்கிறேன். பொங்கல் விழாவுக்கு மெல்லிசைக்குப் பதிலாகக் குமரிப் பக்கத்திலிருந்து ஒரு கூத்துக் குழுவை அழைக்கலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். முடிவு அடுத்த கூட்டத்தில். அவர்கள் வந்தால், நம் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோவதை நானே முதல் ஆளாக உளுவத்தலையன் காதில் போட்டுவைப்பேன்.