கேலாங் வட்டாரத் தரவுகளும் வெப்பப்படமும்

வெப்பப்படம், அதாவது ஹீட்மேப், அட்டவணையிலுள்ள எண்களை வண்ணத்தின் அடர்த்தியாகக் காட்டும் முறை. கிடைவரிசையில் ஒரு பகுப்பு, நெடுவரிசையில் இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அத்தொகுதியின் சராசரியோ நடுமதிப்போ நிறமாக நிற்கும். சிங்கப்பூரில் இதைப் பழக நல்ல தரவு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை விலைப் பட்டியல். 1990 முதலான பதிவுகள் அரசின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதம், நகரம், வீட்டு வகை, தெரு, மாடி, பரப்பளவு, விலை எல்லாம் அதில் உண்டு. பட்டியலிலுள்ள நகரங்களுள் ஒன்று கேலாங்.

இம்முறையின் முன்னோடி துசேன் லூவா. பாரிஸின் 20 வட்டாரங்களைப் பற்றி 1873இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 40 நிலப்படங்கள் இருந்தன. அவற்றின் சாரத்தை ஒரே தாளில் வட்டாரம் ஒருபுறம், பண்பு மறுபுறம் என அடுக்கி, வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு நிறங்களில் தந்தார். நாற்பதையும் புரட்டிப் பார்த்தவருக்கே அந்த ஒரு தாளின் அருமை தெரியும். எகிப்தியக் கல்லறைப் பானைகளைக் காலவரிசைப்படுத்திய ஃபிளிண்டர்ஸ் பெட்ரி (1899) வண்ணம் எதுவும் தீட்டவில்லை. கல்லறைக்கு ஒரு சீட்டு எழுதி, ஒத்தவை அருகருகே வரும்வரை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். வரிசையை மாற்றி அடுக்கினால்தான் ஒழுங்கு தென்படும் என்பதை 1967இல் பிரான்சின் ழாக் பெர்தேன் கோட்பாடாகவே வகுத்தார். அதற்கு முன்பே, 1957இல், பீட்டர் ஸ்னீத் பாக்டீரியாக்களின் ஒற்றுமையை நிழலிட்ட கட்டங்களில் காட்டியிருந்தார். ராபர்ட் லிங் 1973இல் அச்சுப்பொறியில் ஓர் எழுத்தின்மேல் இன்னோர் எழுத்தை அடித்துக் கருமை கூட்டினார். 1998இல் மைக்கேல் ஐசன் குழுவினர் ஈஸ்ட் மரபணுத் தரவைச் சிவப்பு, பச்சைக் கட்டங்களாக வெளியிட்டபின் ஆய்வேடுகளெங்கும் இப்படம் பரவியது. நிறக்குருடு உள்ளவர்களுக்கு அந்த நிறத்தேர்வு உதவாது என்பதைப் பலர் பொருட்படுத்தவில்லை.

எக்செல் 2007இல் நிற அளவுகோல் வந்தபின், பிவட் டேபிள் போடத் தெரிந்தவர் சில நிமிடங்களில் கேலாங்கையும் பிற நகரங்களையும் வரிசையிலும் மூவறை, நான்கறை, ஐந்தறை வகைகளை நெடுவரிசையிலும் வைத்து வரைந்துவிடலாம். கட்டத்தில் நிரப்பவேண்டியது நடுமதிப்பே. உயர்மாடி வீடு ஒன்றிரண்டு பெருவிலைக்குப் போனால் சராசரி ஏமாற்றும். ஆர் நிரலாக்க மொழியின் ஹீட்மேப் கட்டளை, நாம் கேட்காமலே ஒவ்வொரு கிடைவரிசையையும் தனித்தனியே தரப்படுத்திவிடும். அதைத் தடுக்காவிட்டால் கேலாங்குக்கும் பிற நகரங்களுக்கும் உள்ள விலை வேறுபாடு படத்திலிருந்தே மறைந்துபோகும். வீவக பட்டியலில் 2012 பிப்ரவரிவரை ஒப்புதல் தேதியும் மார்ச் முதல் பதிவுத் தேதியும் அடிப்படையாக இருப்பதால், மாதவாரியாக ஒட்டுபவர் அந்த இணைப்பில் கவனமாக இருக்கவேண்டும். 99 ஆண்டுக் குத்தகையில் பாதிக்குமேல் கழிந்த சர்க்கிட் ரோட்டுப் பழைய வீடுகளும் அண்மையில் எழுந்தவையும் மூவறை என்ற ஒரே கட்டத்தில் கலந்துவிடுகின்றன. குத்தகை ஆண்டை இன்னொரு பகுப்பாக்கினால் கலப்பு பிரியும். லோரோங் எனப்படும் சந்துகளின் கடைவீடுகள் வீவக பட்டியலில் இடம்பெறாதவை; ஆகவே, கேலாங் என்றதும் பலர் நினைக்கும் தெருக்கள் இந்தப் படத்தில் இல்லை.

நோய்த் தரவுக்கும் இம்முறை பொருந்தும். 2016 ஆகஸ்ட் 27 அன்று அறிவிக்கப்பட்ட, சிங்கப்பூரின் முதல் உள்ளூர் ஸிக்கா தொற்று, கேலாங்கின் அல்ஜுனிட் கிரசெண்ட்டைச் சேர்ந்தது. டெங்கியில் ஆண்டை வரிசையாகவும் வாரத்தை நெடுவரிசையாகவும் அடுக்கினால் ஆண்டின் நடுப்பகுதி அடர்ந்து தெரியும். 14 நாளுக்குள், 150 மீட்டர் எல்லைக்குள் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ டெங்கி கண்டால், தேசியச் சுற்றுப்புற வாரியம் அவ்விடத்தை நோய்ப்பரவல் குழுமமாக அறிவிக்கிறது.