கொதுகும் நுளம்பும்: கொங்கு நாட்டுப் பட்டிகளில் கடிபூச்சி விலக்கிய முறைகள்

கடித்துக் குருதி உறிஞ்சும் சிறு பூச்சிகளைத் திறந்தவெளியில் விலக்கிக் கொள்ளுதல் மாந்தரின் மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்று. வீட்டிற்குக் கதவுண்டு, மேய்ச்சற் காட்டிற்கு அஃதில்லை. ஆகலின், ஆவும் ஆடும் ஓம்பிய முல்லைநில மக்களே இம்முயற்சியில் முற்பட்டிருத்தல் வேண்டும். இன்று பின்னலாடைத் தொழிலால் அறியப்படும் திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகள் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளையும் ஆட்டுப்பட்டிகளையும் உடையன. அப்பகுதியைக் களமாகக் கொண்டு, சொல்லையும் செயலையும் ஒருங்கு வைத்து ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொல்வழக்கைக் காண்போம். இன்றைய ‘கொசு’ என்பது ‘கொசுகு’ என்பதன் ஈறு கெட்ட வடிவம். ‘கொதுகு’ என்பதும் அதன் வேற்று வடிவமே. மலையாளத்தில் இன்றும் அதுவே வழக்கு. ‘நுளம்பு’ ஈழத் தமிழில் கொசுவைக் குறிக்க, அதனோடு இனமான ‘நொண’ கன்னடத்தில் ஈயைக் குறிக்கிறது. எனவே, நுளம்பு என்னுஞ் சொல் தொடக்கத்தில் ஈ, கொசு என்னும் வேறுபாடின்றிப் பறக்கும் சிற்றுயிர்களுக்குப் பொதுவாய் நின்றது எனக் கருதுதல் பொருந்தும். இவற்றோடு உலங்கு, உண்ணி முதலிய சொற்களும் உள. இவ்வளவு சொல்வளம் இருந்தும், பொதுவழக்கில் பறந்து கடிப்பன பலவும் ‘கொசு’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிட்டன.

இனிச் செயலைக் காண்போம். மழை மிகுதியால் வருந்திய கோவலர் நிரையை வேறு நிலத்திற்குக் கொண்டு சென்றதையும் தீக்காய்ந்ததையும் நெடுநல்வாடை கூறுகிறது. அத்தீ குளிருக்கு என்பதே பாட்டின் கருத்து. பூச்சி ஓட்டுதற்கு எனக் கொள்ள அதில் சான்றில்லை. ஆயினும், ஈரநிலம் விட்டு மேட்டுநிலம் நாடுதல், பட்டியருகே தீ வைத்தல் என்னும் இரண்டும் பிற்கால ஆயர் வாழ்விலும் தொடர்கின்றன. மாலையில் வறட்டித் தணலின்மேல் வேப்பந்தழையும் நொச்சித்தழையும் இட்டு மூட்டம் போடுதல் நாட்டுப்புறம் நன்கறிந்த வழக்கம்.

இவ்வழக்கங்களின் பயனை இக்கால அறிவியல் விளக்குகிறது. குலிகாய்டிஸ் என்னும் சிற்றீக்கள் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவினவே. அவை ஈரமண்ணிலும் சாணச் சேற்றிலும் பெருகும். அந்தியிலும் வைகறையிலும் மிகுதியாகக் கடிக்கும். சிறகு வலிமை குறைந்தவையாதலின் காற்று வீசும் மேட்டில் நிற்கமாட்டா. ஆடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயைப் பரப்புவன இவையே என 1944-இல் தென்னாப்பிரிக்காவில் டு டாய்ட் மெய்ப்பித்தார். இந்தியாவில் அந்நோய் 1964-இல் அறியப்பட்டது. காய்ச்சல் கண்டு, உதடும் நாவும் வீங்கி, கால் நொண்டி ஆடுகள் மடிவதால் சிறுகுடியானவரின் முதலே அழிகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலமே இந்நோய்க்குரிய காலம்.

மூன்றாவது முறை வலை. எகிப்தின் சதுப்புநில மக்கள் பகலில் மீன் பிடித்த வலையையே இரவில் படுக்கையைச் சூழ இட்டுத் துயின்றனர் என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எரொடோட்டசு எழுதினார். இன்று நொய்யலாறு திருப்பூரைக் கடந்து சென்று காவிரியிற் கலக்கும் கரூர் மாவட்டம் கொசுவலைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆனால், சதுர அங்குலத்திற்கு 156 கண் என்னும் வழக்கமான அளவுடைய வலை கொசுவைத் தடுக்குமேயன்றி இச்சிற்றீயைத் தடுக்காது. மருந்து தோய்க்காத வலையாயின் அது கண்ணூடே எளிதில் நுழைந்துவிடும். பட்டியைக் கொசுவலையாற் சூழ்ந்தால் போதும் என்று கருதுவார் இதனை எண்ணுதல் வேண்டும். இரண்டையும் ‘கொசு’ என ஒரே பெயரால் அழைப்பதன் இழப்பு இங்கே புலனாகிறது.

பழமையனைத்தும் சிறந்தது என்பது நம் கருத்தன்று. புகை கண்ணையும் நுரையீரலையும் வருத்தும். காற்று மாறினால் அதன் பயன் கெடும். நோயைத் தடுக்கத் தடுப்பூசி இன்று உண்டு. அதற்கு ஈடாக மூட்டத்தைக் கூறுதல் தவறு. எனினும், சாணச் சேற்றை அகற்றிப் பட்டியை உலர்ந்த மேட்டிற்கு மாற்றுதல் செலவின்றி இன்றும் பயன் தருவது. கொறங்காட்டு ஆயர் எப்பூச்சியை எப்பெயரால் அழைக்கின்றனர், எப்பொழுதில் எத்தழையை இடுகின்றனர் என்பவற்றை ஊர்தோறும் சென்று தொகுத்தல் தமிழாய்வார் கடமை. கொசுவினும் சிறிய இவ்வீக்கு ‘நுளம்பு’ என்னும் பழஞ்சொல்லைத் தமிழகத்தில் வரையறுத்து வழங்கலாம் என்பது நம் பரிந்துரை. பகையைப் பிரித்தறிந்து பெயரிடுதலே அதனை விலக்குதற்கு முதற்படி.