கோட்டுக்கு அப்பால் நிற்பவர்: மென்பொருள் சூழமைவு ஆவணத்தின் வளர்ச்சியும் ஹோம்புஷ் ஒலிம்பிக்கும்

ஒரு மென்பொருள் முறைமையைப் பற்றிய ஆவணங்களில் முதற்பக்கத்துக்கு உரியது சூழமைவு வரைபடம். அதில் முறைமை முழுவதும் ஒற்றைக் கட்டமாக நடுவில் நிற்கும். உள்ளே இருக்கும் நிரல்களும் தரவுத்தளங்களும் காட்டப்படுவதில்லை. சுற்றிலும் அதைப் பயன்படுத்துவோரும், அதற்குத் தரவு தருகிற அல்லது அதனிடமிருந்து தரவு பெறுகிற பிற முறைமைகளும் இடம்பெறும். இடையே ஓடும் அம்புகள் எது எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லும். உருவாக்கும் குழுவின் பொறுப்பு எந்தக் கோட்டில் முடிகிறது, அந்தக் கோட்டுக்கு அப்பால் யாரை நம்பி முறைமை இயங்குகிறது ஆகிய இரண்டையும் ஒரே தாளில் காட்டுவதுதான் இதன் பணி. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் கால வரலாற்றில், வெளியே நிற்கும் இயந்திரங்களை விவரிப்பதில் இம்முறை விரைவாக முதிர்ந்தது. வெளியே நிற்கும் மனிதரை விவரிப்பதில் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. 2000ஆம் ஆண்டில் சிட்னியின் ஹோம்புஷ் குடாவில் நடந்த ஒலிம்பிக் போட்டிகள் இவ்விரண்டுக்கும் ஒருசேரச் சான்றாகின்றன.

கட்டங்களும் அம்புகளும்

தொடக்ககாலக் கணினிகளில் எல்லையைத் தனியே வரைய வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை. துளையட்டைகள் ஒரு பக்கம் உள்ளே போயின, அச்சிட்ட தாள்கள் மறுபக்கம் வெளியே வந்தன. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நிரலுக்கு அண்டை அயல் என்று எதுவும் இல்லை. நிரல்கள் பெருகி, ஒன்றின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீடாக மாறிய பிறகே எல்லைச் சிக்கல் தலையெடுத்தது.

அமெரிக்காவில் டக்ளஸ் ரோஸ் என்பவர் 1970களில் வடிவமைத்து, 1977இல் விரிவாக வெளியிட்ட கட்டமைப்புப் பகுப்பாய்வு முறையில், எல்லா வரைபடங்களுக்கும் மேலே ஒரே கட்டம் கொண்ட ஒரு தாள் இருந்தது. அதற்குக் கழித்தல் குறியுடன் 'ஏ-0' என்று பெயர். அமெரிக்க வான்படையின் திட்டமொன்றின் வழியாக இம்முறை 1981இல் 'ஐடெஃப்0' ஆயிற்று. 1993இல் அந்நாட்டு அரசின் தகவல் செயலாக்கத் தரமாகவும் ஏற்கப்பட்டது. அந்தத் தரம் வைத்த ஒரு நிபந்தனை பலர் கண்ணில் படாமலே போய்விட்டது: ஏ-0 தாளில் வரைபடத்தின் நோக்கமும், அது யாருடைய பார்வையிலிருந்து வரையப்பட்டது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். எல்லை என்பது இயற்கையில் கிடப்பதன்று, வரைபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அது நகரும் என்பதை இவ்வளவு தெளிவாக ஏற்றுக்கொண்ட முறைகள் பிற்காலத்திலும் குறைவே.

ஆனால் பரவலாக வழக்கத்துக்கு வந்தது வேறொரு வடிவம். டொம் டிமார்க்கோ 1970களின் இறுதியில் எழுதிய நூல், தரவோட்ட வரைபடங்களின் உச்சியில் சூழமைவு வரைபடத்தை வைத்தது. நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் சதுரங்கள். எட்வர்ட் யோர்டன் 1989இல் இதனோடு இரண்டைச் சேர்த்தார்: முறைமையின் நோக்கத்தைச் சொல்லும் ஒரு சிறு குறிப்பு, வெளியிலிருந்து வரும் நிகழ்வுகளின் பட்டியல். பிரித்தானிய அரசு 1980களின் தொடக்கத்தில் தன் திணைக்களங்களுக்காக வகுத்த எஸ்எஸ்ஏடிஎம் முறையும் இதே மரபைச் சேர்ந்தது. இலங்கையில் க.பொ.த. உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவர்கள் சூழமைவு வரைபடம் வரையக் கற்றது இந்தப் பிரித்தானிய வழியால்தான்.

இந்த மரபின் பலம் அதன் சிக்கனம். பலவீனமும் அங்கேதான் இருந்தது. வங்கி ஒரு சதுரம், வருமான வரித் திணைக்களம் ஒரு சதுரம், வாடிக்கையாளர் ஒரு சதுரம். தரவு புறப்படும் அல்லது சேரும் இடம் என்பதற்கு மேல் ஒரு மனிதரைப் பற்றி இந்த வரைபடம் எதையும் கேட்கவில்லை.

மனிதரைத் தனியே பிரித்துக் காட்டியவர் சுவீடனைச் சேர்ந்த இவார் யாக்கோப்சன். எரிக்சன் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகங்களில் பணியாற்றிய அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கிய பயன்பாட்டு நிகழ்வு முறை, 1992இல் வெளியான நூலால் புகழ்பெற்று, 1997இல் யூஎம்எல் தரத்துக்குள் நுழைந்தது. குச்சி மனித உருவம் வரைபடத்துக்கு வந்தது அதன் வழியாகவே. ஆயினும் அந்த உருவம் ஓர் ஆளைக் குறிக்கவில்லை. ஒரு பாத்திரத்தைக் குறித்தது. காசாளர், மேற்பார்வையாளர், பார்வையாளர் என்று பெயர் சூட்டியதோடு விவரிப்பு முடிந்தது. ஐஇஇஇ அமைப்பின் 830ஆம் எண் தேவை ஆவணத் தரம் ஒரு படி மேலே போய், பயனர் இயல்புகளுக்கும் புறச் சார்புகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் ஒதுக்கியது. ஆனால் பயனர் இயல்பு என்று அது கேட்டது கல்வித் தரம், அனுபவம், தொழினுட்பத் திறன் ஆகிய மூன்றை மட்டுமே. கண் தெரியாத ஒருவர் பல்கலைக்கழகப் பட்டதாரியாகவும் கணினியில் கைதேர்ந்தவராகவும் இருந்தால், இந்த மூன்று கேள்விகளும் அவரைக் கண்டுபிடிக்க மாட்டா.

ஹோம்புஷ் குடா, 2000

அரசு இறைச்சிக் கூடமும் செங்கற்சூளைக் குழிகளும் இருந்த ஹோம்புஷ் குடா நிலம், சிட்னி ஒலிம்பிக்கின் முதன்மைக் களமாக மாற்றப்பட்டது. 2000 செப்டம்பர் 15 முதல் ஒக்டோபர் 1 வரை 28 விளையாட்டுகளில் 300 போட்டிகள் நடந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் பங்கேற்றார்கள். முடிவுகளைச் சேர்த்து விநியோகிக்கும் முறைமை ஐபிஎம் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. நேரக் கணிப்புக் கருவிகள் சுவாட்ச் நிறுவனத்துடையவை, தொலைத்தொடர்பு டெல்ஸ்ட்ராவுடையது. மைதானத்தில் பதிவான ஒரு முடிவு முடிவுப் பலகைக்கும், வர்ணனையாளரின் திரைக்கும், உள்ளகத் தகவல் முனையங்களுக்கும், செய்தி நிறுவனங்களுக்கும், இணையத்தளத்துக்கும் அடுத்தடுத்துப் போய்ச் சேர வேண்டும். இத்தனை அண்டை முறைமைகள் கொண்ட ஒரு சூழமைவு வரைபடம் அக்காலத்தில் அரிது.

அதன் விளிம்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை நான்கு ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டா ஒலிம்பிக் காட்டியிருந்தது. 1996இல் போட்டிகள் தொடங்கியதும், உலகச் செய்தி நிறுவனங்களுக்கு முடிவுகளை அனுப்பும் இணைப்பு தடுமாறியது. தகவல் பிந்தி வந்தது. வந்ததும் பிழையோடு வந்தது. முறைமையின் உட்பகுதி இயங்கியபோதும், வெளியார் ஒருவரிடம் தரவைக் கையளிக்கும் அந்த ஓர் அம்பு உரிய அளவில் சோதிக்கப்படாததே அவப்பெயருக்குப் போதுமாயிற்று. செய்தி நிறுவனங்களின் அதிருப்தி மறுநாளே உலகப் பத்திரிகைகளில் அச்சாகிவிடும் என்பதை எண்ணினால், அந்த அம்பே படத்தில் மிகத் தடிப்பாக வரையப்பட்டிருக்க வேண்டியது. சிட்னியில் போட்டிகளுக்கு முன் விளையாட்டு விளையாட்டாகச் சோதனை நிகழ்வுகள் நடத்தப்பட்டன. அட்லாண்டாவின் நிலை திரும்பவில்லை.

இயந்திர அண்டையரைப் பொறுத்தவரை பாடம் கற்கப்பட்டது. குறை மனிதச் சதுரத்தில் வெளிப்பட்டது.

புரூஸ் மக்வையர் பிறவியிலேயே பார்வையற்றவர். கணினித் திரையில் உள்ளதை, விரல் நுனியில் எழும்பித் தாழும் பிரெய்லி ஊசிகளாக மாற்றும் கருவியைக் கொண்டு வாசிப்பவர். சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் நுழைவுச்சீட்டுக் கையேடு பிரெய்லியில் கிடைக்கவில்லை, இணையத்தளமும் தமக்குப் பயன்படவில்லை என்று அவர் 1999 ஜூனில் அவுஸ்திரேலியாவின் மனித உரிமைகள் மற்றும் சமவாய்ப்பு ஆணைக்குழுவிடம் முறையிட்டார். 1992ஆம் ஆண்டின் மாற்றுத்திறன் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அவருக்கு அந்த உரிமையைத் தந்திருந்தது.

இணையத்தளம் பற்றிய முறைப்பாட்டின் நுணுக்கங்கள் கூர்ந்து பார்க்கத் தக்கவை. படங்களுக்கும் படத்தில் பதித்த இணைப்புகளுக்கும் மாற்று உரை இல்லை. ஆகவே பிரெய்லிக் கருவிக்கு அங்கே வாசிக்க எதுவும் கிடைக்கவில்லை. நிகழ்ச்சி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குச் செல்ல வழியில்லை. அந்தப் பக்கத்தின் முழு முகவரி தெரிந்தால் மட்டுமே போக முடிந்தது. முடிவு அட்டவணைகளின் கட்டங்களுக்குள் வரிகள் மடிந்திருந்தன. கண்ணால் பார்ப்பவர் ஒரு கட்டத்தை முடித்து அடுத்ததற்குப் போவார். இடமிருந்து வலமாக வரி வரியாக வாசிக்கும் கருவியோ ஒரு வீரரின் பாதிப் பெயரையும் அடுத்த கட்டத்தின் பாதி விவரத்தையும் ஒட்டிக் கொடுத்துவிடும். முறைமை முடிவை வெளியிட்டது, அம்பும் பயனரைச் சென்றடைந்தது. பயனருக்கோ முடிவு தெரியவில்லை.

திருத்தம் செய்வது நியாயமற்ற சுமை என்று ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. 1,295 வார்ப்புருக்களை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணிநேரம் ஆகும், தனி ஒருவர் செய்தால் ஓராண்டுக்கு மேல் செல்லும் என்று கணக்குக் காட்டியது. நிபுணர்களாகச் சாட்சியளித்த டொம் வேர்திங்டனும் ஜூட்டா ட்ரெவிரானஸும் வார்ப்புருக்களின் எண்ணிக்கையும் தேவைப்படும் நேரமும் அதைவிட மிகக் குறைவு என்று எடுத்துரைத்தார்கள். வில்லியம் கார்ட்டர் தலைமையிலான விசாரணை 2000 ஓகஸ்ட் 24 அன்று மக்வையர் பக்கம் தீர்ப்பளித்து, போட்டி தொடங்கும் செப்டம்பர் 15க்குள் குறைகளை நீக்கப் பணித்தது. ஏற்பாட்டுக் குழு அதை முழுமையாக நிறைவேற்றவில்லை. நவம்பரில் 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. அதற்குள் போட்டிகள் முடிந்து ஒரு மாதம் கடந்திருந்தது.

இணையத்தள அணுகல் குறித்த வழக்குகளில் உலகளவில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றுள் இதுவும் ஒன்று. ஆயினும் சட்டத்துறையினர் வாசித்த அளவுக்கு மென்பொருள் ஆவணத்துறையினர் இதை வாசித்ததாகத் தெரியவில்லை. அணுகலுக்கான உலகளாவிய வலை வழிகாட்டுதலின் முதற்பதிப்பு 1999 மே மாதமே வெளிவந்துவிட்டது. எனவே அறிவு இல்லாமை காரணமன்று. பிரெய்லிக் கருவி ஒரு புறச் சார்பு; சுவாட்ச் கடிகாரத்தைப் போலவே அதுவும் முறைமையோடு தரவு பரிமாறும் இயந்திரம். நேரக் கருவியின் இடைமுகத்தைத் தொடக்கத்திலேயே எழுதிவைப்பது போல் இதையும் எழுதிவைத்திருந்தால், 1,295 என்ற எண்ணைக் கடைசி மாதத்தில் விசாரணை அறையில் எண்ண நேர்ந்திராது.

தரங்களும் வார்ப்புருக்களும்

ஹோம்புஷில் போட்டிகள் நடந்துகொண்டிருந்த அதே செப்டம்பரில் ஐஇஇஇ 1471 தரம் ஏற்கப்பட்டது. ஒரு முறைமையில் அக்கறை உள்ளோர் யார், அவர்களுடைய கரிசனைகள் எவை என்று முதலில் கண்டறிந்த பிறகே வடிவமைப்பை விவரிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2007இல் அது ஐஎஸ்ஓ 42010 ஆகி, 2011இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. 2011இலேயே நிக் ரொசான்ஸ்கியும் ஓயின் வுட்ஸும் மென்பொருள் வடிவமைப்பு பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சூழமைவுக்கெனத் தனி நோக்கு ஒன்றைச் சேர்த்தார்கள்; 2005இல் வந்த முதற்பதிப்பில் அது இல்லை. ஜெர்மனியில் கேர்னோட் ஸ்டார்க்கேயும் பீட்டர் ஹ்ருஷ்காவும் 2005இல் தொடங்கிய 'ஆர்க்42' வார்ப்புரு, தொழில்சார் சூழமைவையும் தொழினுட்பச் சூழமைவையும் வேறுபடுத்தியது. சைமன் பிரவுனின் 'சி4' மாதிரி நான்கு படிநிலைகளில் முதலாவதைச் சூழமைவு வரைபடத்துக்கே கொடுத்து, அதைத் தொழினுட்பம் அறியாதவரும் வாசிக்கும் படமாக்கியது. இன்று பல குழுக்கள் புழங்குவது இதன் கட்டங்களைத்தான்.

புறச் சார்பு வெறும் இயந்திரமாக மட்டும் இருப்பதில்லை என்பதற்குச் சிட்னியின் பயணச்சீட்டு வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. ஒலிம்பிக்குக்கு முன்பே நடைமுறைக்கு வரும் என எதிர்பார்க்கப்பட்ட 'டி-கார்ட்' பயண அட்டைத் திட்டத்துக்கு 2003இல்தான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; 2008 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. ரயில், படகு, அரசுப் பேருந்து, தனியார் பேருந்து என்று தனித்தனியே கிளைத்திருந்த கட்டண விதிகள் பெரும் முட்டுக்கட்டையாக இருந்தன. மென்பொருளின் எல்லைக்கு வெளியே, அரசின் கொள்கையில் இருந்த சிக்கல் அது. 2010 ஏப்ரலில் 'மைசோன்' திட்டத்தால் கட்டணங்கள் எளிமையாக்கப்பட்டன. புதிய அட்டை முறைமைக்கான ஒப்பந்தமும் அதே ஆண்டில்தான் கையெழுத்தாயிற்று. 2012 டிசம்பரில் நியூட்ரல் பே படகில் தொடங்கிய ஓப்பல் அட்டையை இன்று ஹோம்புஷ் ரயில் நிலையத்தில் பலரும் தட்டிச் செல்கிறார்கள்.

மேற்சொன்ன வார்ப்புருக்களில் பயனருக்கு ஒரு கட்டமும், அதனுள் ஒரு சிறு விவரிப்புக்கு இடமும் உண்டு. பெரும்பாலோர் அதில் பதவிப் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உயர்தர வகுப்பில் முதல் சூழமைவு வரைபடத்தை வரையும் மாணவரும், சிட்னியிலோ சென்னையிலோ அதைத் தொழிலாக வரையும் பொறியியலாளரும், அந்த இடத்தில் இன்னும் இரண்டு விவரங்களை எழுத வேண்டும்: இந்தப் பயனர் எந்தக் கருவியால் வாசிக்கிறார், எந்த மொழியில் வாசிக்கிறார்.