மொரீசியசுப் பணத்தாளில் தமிழ்

ஒரு மொழியின் மதிப்பை அளத்தற்குரிய கோல்கள் இரண்டு. அம்மொழியாற் பொருளீட்டல் இயலுமா என்பது ஒன்று. அதற்குரியோர்க்கு அது நாட்டில் எத்தகைய நிலையைத் தருகின்றது என்பது மற்றொன்று. அயலாட்சி நீங்கிய தீவு நாடுகளில் இவ்விரண்டும் ஒருவழிச் செல்வது அரிது. மொரீசியசின் பணத்தாள் இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1715-இல் பிரெஞ்சுக்காரர் அத்தீவைக் கைக்கொண்டனர். 1735 முதல் அதனை ஆண்ட லா பூர்தொனே காலத்தில் புதுச்சேரிப் பகுதியினின்றும் தமிழ்க் கைவினைஞர் அங்குச் சென்றனர். 1810-இல் தீவு ஆங்கிலேயர் வயமாயிற்று. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் பெருந்தொகையினராக வந்தனர். அவருள் போஜ்புரி பேசும் வட இந்தியரே மிகுதி. இங்ஙனம், முன்வந்த தமிழர் தொகையாற் சிறியோராயினர்.

1968 மார்ச்சு 12-இல் தீவு விடுதலை பெற்றது. ஆட்சிக்கு ஆங்கிலமும் செய்தித்தாள்களுக்குப் பிரெஞ்சும் சந்தைக்கும் இல்லத்திற்கும் கிரியோலும் உரியவாயின. ஆயின் பணத்தாளிலோ ஆங்கிலத்தை அடுத்துத் தமிழும் அதன்பின் இந்தியும் நின்றன. அத்தாளை நாள்தோறும் கைமாறச் செய்யும் கிரியோலுக்கு அதில் இடமில்லை. சந்தையில் வழங்காத தமிழுக்கு இடமுண்டு.

1998 நவம்பரில் மொரீசியசின் மைய வங்கி வெளியிட்ட புதிய தாள்களில் இந்தி தமிழுக்கு முன் வைக்கப்பெற்றது. தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 1999-இல் பழைய வரிசையுடன் வேறு தாள்கள் வெளிவந்தன.

வரிசை மாறியதால் தாளின் வாங்கும் ஆற்றல் ஒரு காசும் குறையவில்லை. எனவே இது வெற்றுப் பெருமைப் பூசல் என்பார் உளர். அது பொருந்தாது. அந்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடம். ஆசிரியப் பணியும் பாடநூலும் தேர்வும் அரசின் ஏற்பினாலேயே நிலைபெறுவன. முன்வந்தோர் என்னும் வரலாற்றுரிமையே தொகை குறைந்தோர்க்கு அவ்வேற்பை வேண்டிநிற்கும் முதலாகும். அம்முதலுக்குக் கண்கண்ட சான்றாகப் பணத்தாளின் இரண்டாம் வரி விளங்கிற்று. இவ்வாறு நிலைமதிப்பே பிழைப்பு மதிப்பாகவும் மாறுதல் காண்க.

கிரியோலின் வழி இதற்கு மறுதலையானது. சந்தையை முழுதும் ஆண்ட அம்மொழி 2012-இலேதான் பள்ளியில் விருப்பப் பாடமாயிற்று. நாவில் வாழும் மொழி தாளில் இடம்பெறவில்லை. தாளில் இடம்பெற்ற தமிழோ பெரும்பாலான தமிழர் இல்லங்களில் பேச்சு வழக்கொழிந்தது. வரிசையைக் காத்தவர் உரிமையைக் காத்தனர்; மொழியைக் காத்தல் இன்னும் எஞ்சியுள்ள பணியேயாம்.