சுடாமல், உறைய வைக்காமல் இதயத் துடிப்பைச் சரிசெய்யும் மின்துடிப்பு சிகிச்சை: யாருக்கு உதவும்?

பெங்களூருவிலிருந்து ஓசூர் போகும் சாலையில் அத்திபெலேயைத் தாண்டினால் தமிழ்நாடு. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து அப்பா, அம்மாவை இதய சிகிச்சைக்காக பெங்களூரு அழைத்துப் போகிறவர்களுக்குப் பழகிய வழி இது. 'அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அப்லேஷன் பண்ணலாம்' என்று டாக்டர் சொன்னால், இப்போது இன்னொரு பெயரும் காதில் விழலாம்: பல்ஸ்டு ஃபீல்டு அப்லேஷன், சுருக்கமாக பி.எஃப்.ஏ.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். தாறுமாறான மின் சிக்னல்கள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று 1998-ல் பிரான்சின் போர்தோ மருத்துவர்கள் காட்டினார்கள். அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி சிக்னலை மறிப்பதுதான் அப்லேஷன்.

இதுவரை சூடு வைத்தோ, உறைய வைத்தோ இதைச் செய்தார்கள். சிக்கல் என்னவென்றால், இடது மேலறைக்குப் பின்னாலேயே உணவுக்குழாய் இருக்கிறது. சூடு அங்கே பரவி ஓட்டை விழுந்தால் (அபூர்வம்தான்) உயிருக்கே ஆபத்து.

பி.எஃப்.ஏ-வில் மைக்ரோ விநாடிகள் மட்டுமே நீடிக்கும், சுமார் 2,000 வோல்ட் துடிப்புகள் செல் சவ்வில் துளைகள் போடுகின்றன. மூடிக்கொள்ள முடியாமல் செல் இறக்கிறது. இதயத் தசை இதற்குச் சீக்கிரம் பலியாகும். உணவுக்குழாயும் நரம்பும் அதிகம் தாங்கும்.

அப்படியென்றால் பழையதைவிட நன்றாகக் குணமாகுமா? இங்கேதான் விளம்பரமும் டேட்டாவும் பிரிகின்றன. 607 பேரிடம் நடந்த அட்வென்ட் ஆய்வில் (2023) ஓராண்டுக்குப் பிறகு வெற்றி பி.எஃப்.ஏ-வில் 73.3%, பழைய முறைகளில் 71.3%. ஏறக்குறைய சமம். லாபம் பாதுகாப்பில்: 17,642 நோயாளிகளின் பதிவுகளைத் திரட்டிய மேனிஃபெஸ்ட்-17கே ஆய்வில் உணவுக்குழாய் ஓட்டை ஒன்றுகூட இல்லை. ஆனால் பெரிய சிக்கல்கள் சுமார் 1% பேருக்கு வந்தன. பக்கவாதப் புகார்களால் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் வேரிபல்ஸ் கருவியை ஜனவரி 2025-ல் அமெரிக்காவில் நிறுத்திவைத்து, அடுத்த மாதம் மீண்டும் அனுமதித்தது.

நம் ஊருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அட்வென்டில் சேர்ந்தவர்கள் விட்டுவிட்டு வரும் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள், மருந்துக்கு அடங்காதவர்கள். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி இந்தக் கோளாறு வந்தவர்கள் இந்தியாவில் நிறைய பேர். அவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது வால்வை.

டாக்டரிடம் கேளுங்கள்: இதில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை எவ்வளவு நாள் தொடர வேண்டும்? அப்லேஷன் வெற்றி என்றாலும் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.