மகாத்மா காந்தி சாலையில் ஓர் எகிப்தியச் சாயல்

மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மின்வண்டியேறிக் கோட்டைப் பகுதிக்குப் பணிக்குச் செல்லும் நம்மவருள் ஃப்ளோரா நீரூற்றைக் கடவாதார் சிலரே. அதன் உச்சியில் நிற்கும் உரோமத் தெய்வத்தை அறிந்த நாம், அதற்கு அணித்தே மகாத்மா காந்தி சாலையில் ஓங்கி நிற்கும் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் மாளிகையை ஏறிட்டு நோக்குவதில்லை. கையில் சோற்றுப் பாத்திரமும் மனத்தில் வருகைப் பதிவேடுமாக விரைவோர்க்கு மேலே பார்க்க நேரமேது? பல்லாண்டுகள் அவ்வழி நடந்தும் நாம் கண்டோமில்லை.

2023 டிசம்பரில், அதே சாலையின் தென்கோடியிலுள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் இந்தியா, எகிப்து, அசீரியா, கிரேக்கம், உரோம் ஆகியவற்றின் பண்டைச் சிற்பங்களைச் சேர்த்துவைத்த காட்சியொன்று தொடங்கிற்று. எகிப்தியச் சிலைகளைக் கண்ட கண்களோடு வடக்கே நடந்து வந்தபோதுதான் இம்மாளிகையின் முகப்பு நம்மை நிறுத்திற்று. அசைவின்றி நிமிர்ந்து, உடல் சுவரோடு சுவராகி, ஆடை மடிப்புகள் நேர்க்கோடுகளாய் இறங்க நிற்கும் நெடிய உருவங்கள். நைல் நதிக்கரைச் சாயலை அங்குக் காணாதிருத்தல் அரிது.

இம்மாளிகை 1936இல் எழுந்தது. மாஸ்டர், சாத்தே, பூத்தா என்னும் இந்தியக் கட்டடக் கலைஞர்கள் வகுத்தனர், சிற்பங்களை என்.ஜி. பன்சாரே அமைத்தார். எகிப்து இங்கே வந்தது எவ்வாறு? 1922 நவம்பரில் ஹோவார்டு கார்ட்டர் தூத்தங்காமுன் மன்னனின் கல்லறையைக் கண்டபின் மேலைநாடுகளில் எகிப்திய மோகம் பெருகிற்று. அணிகலன், துணி, திரையரங்கு என எங்கும் அது பரவி, 1925ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியால் பெயர்பெற்ற 'ஆர்ட் டெக்கோ' பாணியில் கலந்து, பம்பாய்க்கும் வந்து சேர்ந்தது. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி நம்மவர் வாழும் பழைய மாடிவீடுகள் பலவும் அப்பாணியின் எளிய பிள்ளைகளே.

ஆயினும் பன்சாரே மோகத்திற்காக மட்டும் எகிப்தை நாடினார் என நாம் கருதவில்லை. நியூ இந்தியா நிறுவனம் 1919இல் சர் தொராப்ஜி டாட்டா தொடங்கியது. காப்பீட்டுத் தொழிலில் இந்தியரும் நிற்க முடியும் எனக் காட்ட எழுந்தது. (1973இல் அது அரசுடைமையாயிற்று.) கோதிக் கோபுரமும் உரோமத் தெய்வமும் ஆள்வோரின் அடையாளங்களாய் இருந்த நகரில், இந்தியர் தம் மாளிகைக்கு ஆங்கிலேயருக்கு மிக முந்தியதொரு தொன்மையின் மொழியைத் தேர்ந்தனர் என்பதே நம் எண்ணம்.

அம்மொழியில் அவர்கள் சொன்னது யாது என்பதே இங்குச் சிறப்பு. அச்சுவரின் புடைப்புச் சிற்பங்களில் உழவர் உளர். மண்பாண்டம் வனையும் குயவர் உளர். நூல் நூற்கும் பெண்டிரும் குடஞ்சுமக்கும் பெண்டிரும் உளர். காந்தியடிகள் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நிறுவியது 1934இல் என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளல் வேண்டும்.

எகிப்திலோ நிலைமை வேறு. அங்குக் கோயில் முகப்பில் பேருருவாய் நிற்பவன் மன்னன். பகைவர் தலைமயிரைப் பற்றி ஓங்கி அடிக்கும் கோலத்தில் நிற்பான். உழவனும் குயவனும் நூற்கும் பெண்ணும் அந்நாட்டுக் கலையில் இல்லாமலில்லை. பெனி ஹசன் கல்லறைகளில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் அவர்களைத் தீட்டியுள்ளனர். ரெக்மிரே என்னும் அமைச்சனின் கல்லறையில் தோல் பதனிடுவோரும் செருப்புத் தைப்போரும் கூட இருக்கின்றனர். தாராவியில் தோல் தொழில் செய்த குடும்பத்தார் அப்படத்தைக் கண்டால் தம் முன்னோரைக் கண்டதுபோல் வியப்பர். ஆனால் அவர்களெல்லாம் சின்னஞ்சிறு உருவங்களாய், வரிசை வரிசையாய், கல்லறையின் இருளில், இறந்த பெருமகனுக்கு மறுமையிலும் உழைத்துக்கொண்டிருப்பவர்கள். மும்பையில் அவ்வுழைப்பாளர் இருளைவிட்டு வெளியேறி, மன்னனுக்குரிய முகப்பில், தெருவைப் பார்த்து நிற்கின்றனர். பன்சாரே எகிப்தின் வடிவை எடுத்துக்கொண்டார், வரிசைமுறையை விட்டுவிட்டார்.

குயவனை முகப்பில் நிறுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. வேட்கோ எனவும் கோ எனவும் அவனை அழைத்தது சங்கத் தமிழ். வேந்தனுக்கும் அதே சொல். செங்கடற்கரைக் குசைர் அல்-காதிமில் அகழ்ந்தெடுத்த ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய பானையோடு ஒன்றில் 'பானை ஒறி' எனத் தமிழ் எழுத்து இருப்பதும் அறிஞர் கண்டதே. இதனைக் காட்டிப் பன்சாரேயின் சிற்பத்திற்கும் நமக்கும் உறவு கற்பிக்க முனைவார் இருக்கலாம். நாம் அதற்கு உடன்படோம். அப்பானையோடு வாணிகத்தின் சுவடு. இச்சிற்பம் 1930களின் மனநிலை.

காண விரும்புவோர் பிள்ளைகளோடு ஞாயிறன்று வி.டி.யில் இறங்கித் தெற்கே நடக்கலாம். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாலன்றி முழு உருவம் தெரியாது. வாரநாளில் அங்கு நிற்கக் கூட்டம் விடாது.