ஃபுல்ஹாம் இடைத்தேர்தல்: நான் பாதி மட்டும் சொன்ன பாடம்



சென்ற வாரம் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். இரண்டாம் உலகப் போர் பற்றிய பேச்சு வந்தபோது, "ஃபுல்ஹாம் இடைத்தேர்தல்னு எங்க சார் சொல்லிக்கொடுத்தார். மக்கள் போர் வேண்டாம்னு ஓட்டுப் போட்டாங்க, அதுக்குப் பயந்துதான் பிரிட்டன் ஆயுதம் சேர்க்கத் தயங்குச்சு" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அவளோ, "அது அவ்வளவு சுலபம் இல்லைப்பா" என்றாளாம். யார் சொல்வது சரி என்று என்னிடம் கேட்டார்.

மகள் சொல்வதுதான் சரி என்றேன். தவறு அவருடையது அல்ல, என்னுடையது. பல ஆண்டுகள் வகுப்பில் நான் அப்படித்தான் சொன்னேன். அதைத் திருத்தவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு ஃபுல்ஹாம் என்பது லண்டனின் மேற்குப் பக்கம், தேம்ஸ் நதியை ஒட்டிய நகரத் தொகுதி. 1931 பொதுத் தேர்தலில் அங்கே கன்சர்வேட்டிவ் கட்சி 23,438 வாக்குகளும் லேபர் கட்சி 8,917 வாக்குகளும் பெற்றன. வித்தியாசம் 14,521. அந்த உறுப்பினர் இறந்ததால் 1933 அக்டோபர் 25 அன்று இடைத்தேர்தல் நடந்தது. லேபர் வேட்பாளர் ஜான் வில்மட் 17,790 வாக்குகள் பெற்றார். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் வால்ட்ரனுக்குக் கிடைத்தவை 12,950. பதினாலாயிரத்துக்கு மேல் இருந்த வித்தியாசம் அழிந்து, எதிர்க்கட்சி 4,840 வாக்குகளில் ஜெயித்தது. நாடே திகைத்தது.

அந்த நேரத்தையும் கவனியுங்கள். வாக்குப்பதிவுக்கு 11 நாள் முன்புதான், அக்டோபர் 14 அன்று, ஆயுதக் குறைப்பு மாநாட்டிலிருந்தும் சர்வதேச சங்கத்திலிருந்தும் விலகுவதாக ஹிட்லர் அறிவித்தார். படைபலத்தைக் கூட்ட வேண்டும் என்றார் வால்ட்ரன். ஆயுதக் குறைப்பையும் சமாதானத்தையும் பேசினார் வில்மட். முதல் உலகப் போரில் பிரிட்டன் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆகவே, போருக்கு எதிரான தீர்ப்பு என்று பலரும் சொன்னதில் வியப்பில்லை.

ஆனால் வில்மட் சமாதானம் மட்டுமா பேசினார்? வீட்டுப் பிரச்சினையையும் பேசினார், வேலையின்மையையும் பேசினார். 1933 தொடக்கத்தில் பிரிட்டனில் வேலை இல்லாதோர் சுமார் 30 லட்சம். நீண்ட நாள் வேலையில்லாதவருக்கு உதவித்தொகை கொடுக்குமுன் குடும்ப வருமானம் முழுவதையும் கணக்கெடுக்கும் முறை 1931 முதல் நடப்பில் இருந்தது. விசாரிக்க அதிகாரி வீட்டுக்கே வருவார். மகனோ மகளோ சிறு சம்பளம் வாங்கினாலும் அப்பாவின் தொகை குறையும். மானமுள்ள குடும்பங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! நிதியமைச்சராக இருந்த நெவில் சேம்பர்லினே, தோல்விக்கு இந்த விசாரணை முறைதான் முக்கியக் காரணம் என்று நினைத்தார்.

இன்னொன்று, 1931 சாதாரணத் தேர்தல் அல்ல. அந்த அலையில் லேபர் நாடு முழுவதும் 52 இடங்களுக்குச் சுருங்கியது. அலை வடிந்தால் வாக்கு திரும்பத்தானே செய்யும்? மேலே உள்ள எண்களைக் கழித்துப் பாருங்கள். லேபருக்குக் கூடியது 8,873. கன்சர்வேட்டிவுக்குக் குறைந்தது 10,488. கட்சி மாறியவர்களும் உண்டு, வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு.

அப்படியானால் ஒரே காரணம் என்ற கதையை நிலைக்க வைத்தது யார்? பெரும் பங்கு ஸ்டான்லி பால்ட்வினுடையது. 1936 நவம்பர் 12 அன்று, பிரதமராக இருந்த அவர், ஆயுதம் சேர்ப்பதில் தாமதம் ஏன் என்று சர்ச்சில் எழுப்பிய குற்றச்சாட்டுக்கு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். போர் எதிர்ப்பு என்ற ஒரே பிரச்சினையில் ஃபுல்ஹாமை இழந்தோம், அந்த மனநிலையில் ஆயுதம் கேட்டுத் தேர்தலுக்குப் போயிருந்தால் தோற்றிருப்போம் என்பது அவர் வாதம். தோற்றது சுமார் ஏழாயிரம் வாக்குகளில் என்றும் சொன்னார்! உண்மை 4,840 என்று மேலே பார்த்தோம். மூன்றே ஆண்டில் எண்ணும் வளர்ந்துவிட்டது, காரணமும் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பிறகு சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் இதையே, நாட்டைவிடக் கட்சியை முன்வைத்ததற்கான ஒப்புதல் என்று பதிவுசெய்தார். ஒருவர் சாக்காகச் சொன்னதை மற்றவர் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டார். நாங்கள் அதைப் பாடமாக்கினோம்.

நடந்ததோ வேறு. ஃபுல்ஹாம் முடிந்த அடுத்த மாதமே, படைகளின் குறைகளை ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1934 ஜூலையில் விமானப்படை விரிவாக்கத்தை அறிவித்தது. வேகம் போதவில்லை என்பது உண்மை. அதற்குக் கஜானாவின் நிலையும் ஒரு காரணம்.

வில்மட்டும் எந்நாளும் ஆயுதமே கூடாது என்ற கொள்கைக்காரர் அல்லர். 1935இல் அந்தத் தொகுதியில் தோற்று, 1939இல் கென்னிங்டன் இடைத்தேர்தலில் ஜெயித்து மீண்டும் நாடாளுமன்றம் வந்தார். 1945இல் அட்லி அவரை எந்தத் துறைக்கு அமைச்சராக்கினார் தெரியுமா? ராணுவத்துக்குத் தளவாடம் வழங்கும் துறைக்கு!

வாக்குச்சீட்டில் பெயருக்கு நேரே குறி போட இடம் உண்டு, காரணம் எழுத இடம் கிடையாது. ஃபுல்ஹாமில் அன்று 17,790 பேர் குறி போட்டார்கள். பிள்ளையைப் போருக்கு அனுப்ப அஞ்சிய தாயும் அதில் இருப்பாள், அதிகாரி வந்து வீட்டைச் சோதித்துப் போனதை மறக்காத தகப்பனும் இருப்பார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே காரணத்தைத் தேர்வுத்தாளில் எழுதச் சொன்னேன். அப்படி எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டேன்.

அந்த மதிப்பெண்ணைத் திரும்பப் பெற மாட்டேன், பயப்படாதீர்கள். ஆனால் உங்கள் பிள்ளைகள் கேட்டால் இந்தத் திருத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொலைபேசியில் என்னைக் கேட்ட மாணவரின் மகளுக்கு என் ஆசிகள். அப்பாவை மறுத்துப் பேசியதற்காக அல்ல, காரணம் கேட்டதற்காக.